முழங்கால் இல்லாத வரைபடம்

மூன்றாவது சுற்றில் பதினேழாவதாக வந்த இடுப்பைக் கனிஷ்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வலது பிட்டத்தின் ஆழத்தில் மந்தமாக ஒரு வலி, அங்கிருந்து தொடையின் பின்புறமாகக் கயிறு இழுத்தாற்போல் கீழே ஒரு கோடு. இந்த ஆள் மறுபடியும் தடித்த பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிறார்.

உடம்பிலேயே பெரிய நரம்பு அந்த வழியாகத்தான் இறங்குகிறது, சுண்டுவிரல் தடிமனில். அதன்மேல் ஐந்து மணி நேரம் பர்ஸை வைத்து உட்கார்ந்தால் அது புலம்பாமல் என்ன செய்யும்? கனிஷ்கா 'இறங்கி நட' என்ற மஞ்சள் பொத்தானை அழுத்தி, "பர்ஸை எடுத்து முன்னால் வையுங்கள். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்" என்று ஒரு குறிப்பும் சேர்த்தாள். தொண்ணூறு வினாடி முடிந்தது. வலி விலகியது. அடுத்த இடுப்பு வந்தது. அது நல்ல இடுப்பு. 'போகட்டும்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பர்ஸ்காரர் அப்போது சங்ககிரியிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, நாக்பூர் பக்கம் எங்கோ போய்க்கொண்டிருந்தார். அவருக்கு எங்கும் வலிக்கவில்லை. வலிக்கவும் வலிக்காது.

இடுப்புத் தாழ் புழக்கத்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. கீழ் முதுகிலிருந்தும் அதற்கடியில் உள்ள திருவெலும்பிலிருந்தும் புறப்படும் நரம்புகள் நேராகப் போவதில்லை. இடுப்புக்குழிக்குள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, மறுபடி பின்னி, அப்புறம்தான் தொடைக்கும் பிட்டத்துக்கும் மூட்டுக்கும் தனித்தனிப் பெயரோடு வெளியே வருகின்றன. அந்தப் பின்னலின் ஓரமாக அரிசி அளவில் சில கருவிகளைப் பதித்துவிட்டால், மேலே போகும் உணர்வை நிறுத்திவிட்டுக் கீழே வரும் கட்டளையை மட்டும் விடலாம். கால் மிதிக்கும், ஏறும், இறங்கும். வலி மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது.

அதற்கு முன்பு தானியங்கி லாரிகளைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவையும் வந்தன. தேரோட்டம் குறுக்கே வந்தால் தேர் நிலைக்கு வரும்வரை மூன்று நாள் நின்றன. மாடு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நின்றன. ஆறு வருடத்தில் முதலாளிகளுக்குப் பொறுமை போய், வீட்டுக்கு அனுப்பிய ஓட்டுநர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு சரியில்லை. தாழ் அதைத் தீர்த்துவைத்தது.

முதல் மாதிரிகள் கொஞ்சம் தாராளமாகவே அடைத்தன. மூத்திரத்தை அடக்கி வைக்கும் நரம்பும் அதே பின்னலின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது என்பதை நிறுவனம் பல இருக்கைகள் நனைந்த பிறகு கற்றுக்கொண்டது. அதைச் சரிசெய்தார்கள். அடுத்த பிரச்சினை இன்னும் பெரியது. வலிக்காதவன் எழுந்திருக்க மாட்டான். இருபது மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டினார்கள். எலும்பு தெரியும் அளவுக்குப் புண் வந்தவர்களுக்குக்கூட, இருக்கையில் ரத்தம் ஒட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான்கு பேர் செத்தார்கள். அரசு தாழைத் தடை செய்யப் போனது. உடனே முதலாளியும் ஓட்டுநரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஸ்டிரைக் செய்தார்கள். அப்படி ஒரு ஸ்டிரைக்கை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

சமரசமாக வந்ததுதான் ஏற்பாளர் சட்டம். தாழ் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடைபட்ட வலியை யாராவது ஒருவர் பட்டாக வேண்டும். இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கும் எந்த இடுப்பும் ஏதாவது முனகிக்கொண்டேதான் இருக்கும் என்பது இயந்திரத்துக்குப் புரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலறியது. பொறுத்துக்கொள்ளக்கூடியது எது, கூடாதது எது என்பதை இன்னோர் உடம்புதான் சொல்ல முடியும். ஆகவே சங்ககிரி பைபாஸ் ஓரமாக ஏற்பகம் ஒன்று எழும்பியது. முப்பத்திரண்டு நாற்காலி, முப்பத்திரண்டு ஏற்பாளர்கள். ஒவ்வொருவரின் நரம்புப் பின்னலிலும் ஓட்டுநரின் வலியை வாங்கித் தரும் ஓர் ஏற்பி. ஒவ்வொருவரின் பொறுப்பிலும் நாற்பது ஓட்டுநர்கள். ஆளுக்குத் தொண்ணூறு வினாடி, மணிக்கு ஒரு சுற்று. யார் எப்போது வருவார் என்பதைச் சுற்றுக்குச் சுற்று கலைத்துவிடுவார்கள். பெயர் தெரியாது. 'நிறுத்து' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் பெயர் திறக்கும், லாரியும் ஓரம் கட்டும்.

ஏற்பாளருக்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, அவருடைய சொந்த இடுப்புக்கும் தாழ் போட வேண்டும். அவர் வலியும் ஓட்டுநர் வலியும் கலந்துவிடக் கூடாதல்லவா? நிறுவனம் இதைக் 'கலப்படத் தடுப்பு' என்று சொன்னது. கனிஷ்காவின் இடுப்பு பதினான்கு வருடமாக அடைபட்டுக் கிடந்தது. இரண்டாவது, உடம்பில் வேறெங்கும் சொந்த வலி இருக்கக் கூடாது. திங்கட்கிழமை தோறும் 'எனக்குச் சொந்த வலி ஏதும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பல்வலியை ஒப்புக்கொண்ட இரண்டு பேருக்கு வேலை போயிருந்தது.

ஆகவே புரட்டாசியில் ஒருநாள் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியபோது கனிஷ்கா யாரிடமும் மூச்சு விடவில்லை.

முழங்காலின் உட்பக்கத்தில், சில்லுக்குச் சற்று மேலே, ஆணி அடித்ததுபோல் ஒரு வலி. காலையில் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். மாலைவரை விடாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடங்கும். நாற்பத்தாறு வயதாகிவிட்டது, மூட்டு தேய்கிறது, வேறென்ன என்று அவளே முடிவு செய்துகொண்டாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டபோது கை கொஞ்சம் கூசியது. ஆனாலும் போட்டாள்.

கண்காணிப்பாளர் நிகிலன் அவளைவிடப் பத்து வயது சின்னவன். தாளை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏனக்கா, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது?"

"தூக்கம் இல்ல, நிகிலா."

"கால் எதாச்சும் வலிக்குதுங்களா? நேத்து நாற்காலியில இருந்து எந்திரிக்கறப்ப முழங்காலப் புடிச்சிட்டு எந்திரிச்சீங்களே."

"மடியில இருந்த சீப்பு கீழ உழுந்துருச்சு. அதத் தேடுனேன்" என்றாள். சீப்பு என்று எங்கிருந்து வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அவள் கணவர் தினகர் வேறொன்றைக் கவனித்தார். அவர் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தார்; எது எந்தப் பக்கம் தேய்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. வாசலில் கிடந்த அவளுடைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கனி, வலது செருப்பு வெளி ஓரம் மட்டும் மொழுமொழுன்னு போயிருச்சு. இந்த வருசத்துல இது மூணாவது சோடி. வண்டியா இருந்தா அலைன்மென்ட் பாக்கச் சொல்லுவேன்."

"வலிக்கறது எடது காலுங்க. அதுக்குப் பயந்துட்டு வலது கால்ல அழுத்தி நடக்கறேன் போல இருக்குது."

"அப்ப மொதோ ரெண்டு சோடி?"

"கடக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். முழங்கால் விஷயத்தை மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பதினோராம் நாள் ஆயுத பூஜை வந்தது.

அன்று சங்ககிரியில் ஒரு லாரியும் ஓடாது. ஊரில் இருக்கும் வண்டிகள் கழுவப்பட்டு, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி வரிசையாக நிற்கும். வெளிமாநிலத்தில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர்களும் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே ஓரம் கட்டி ஒரு பூசணிக்காயை உடைத்துவிடுவார்கள். தானியங்கி லாரிகளைத் தேர்களும் மாடுகளும் நிறுத்தியதுபோல் ஓட்டுநர்களை இந்த ஒரு பண்டிகை நிறுத்திவிடும். ஏற்பகத்துக்கும் இரண்டு நாள் விடுமுறை.

கனிஷ்கா பட்டறையைக் கூட்டிக் கழுவினாள். குனிந்து கோலம் போட்டாள். பூசணி உடைந்து சிதறியபோது, யாரும் மிதித்து வழுக்கி விழக் கூடாதே என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். பாதி பொறுக்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பத்து நாளாகக் கட்டிலில் உட்காரவே பயந்தவள் இப்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால் வலிக்கவில்லை. காலையிலிருந்தே வலிக்கவில்லை.

எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"என்ன கனி, தோப்புக்கரணமா?" என்றார் தினகர்.

"வலி இல்லீங்க. போயிருச்சு!" சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வேலை தப்பித்தது.

அந்தச் சந்தோஷம் கற்பூரம் எரிந்து முடியும்வரைகூட நிற்கவில்லை. லாரிகள் நின்றன, வலியும் நின்றது. அப்படியானால் அது அவளுடைய வலியே இல்லை. நாற்பது பேரில் யாரோ ஒருவருடையது. பதினோரு நாளாக அந்த ஆளுக்கு வர வேண்டிய எச்சரிக்கையைத் தன்னுடையது என்று நினைத்து அவள் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

விடுமுறை முடிந்து முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இருபத்துமூன்றாவது ஆளில் ஆணி இறங்கியது. அவர் போன பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை, பின்னால் வந்த எல்லோர்மேலும் படிந்தது. அதனால்தான் இத்தனை நாள் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த சுற்றில் ஆறாவது ஆளில் ஆணி மறுபடி இறங்கியது. சந்தேகமே இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் நிகிலனிடம் போனாள். "ஒரு ஏற்பாளருக்கு ஓட்டுநரோட வலி முழங்கால்ல வருமா?" என்று யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

நிகிலன் சுவரைக் காட்டினான். ஏற்பகத்தில் எல்லோருக்கும் பழக்கமான வரைபடம் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இடுப்பெலும்பு, அதைச் சுற்றிச் சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் மஞ்சளிலும் நரம்புகள். பாதித் தொடையோடு படம் முடிந்துவிடும். திரையில் இடம் குறிக்க வைத்திருந்த உருவமும் அதேபோலப் பாதித் தொடை மனிதன்தான்.

"முழங்கால் நம்ம ஒப்பந்தத்துலயே இல்லீங்க்கா. இன்சூரன்ஸு இடுப்புக்கு மட்டுந்தான். முழங்கால்ல வலின்னு யாராச்சும் பதிஞ்சா, அது ஏற்பாளரோட சொந்த வலின்னு சிஸ்டமே எடுத்துக்கும். அன்னிக்கே நாற்காலி காலி."

அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் நரம்பு ஒன்று தொடையின் உட்பக்கமாக இறங்கி, சட்டத்தின் விளிம்பில் அறுந்துபோனதுபோல் நின்றது. விளிம்புக்குக் கீழே அது எங்கே போகிறது?

அதைத் தெரிந்துகொள்ள, அந்த இடைவேளையிலேயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எலும்பு மருத்துவர் ரெஜினாவிடம் போனாள். அந்த அம்மாள் ஏற்பகத்தோடு சம்பந்தப்படாதவர், சம்பந்தப்பட விரும்பாதவரும்கூட. கனிஷ்கா எல்லாவற்றையும் சொன்னாள். ரெஜினா ஒரு முழு எலும்புக்கூட்டைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்து, இடுப்பெலும்பின் கீழே இருந்த பெரிய ஓட்டையைக் காட்டினார்.

"இது அடைதுளை. சவ்வு மூடியிருக்கும். மேல் மூலையில ஒரு சின்னச் சந்து. அந்த மஞ்சள் நரம்பு இதுவழியா வெளிய வந்து இடுப்பு மூட்டுக்கு ஒரு கிளை கொடுக்குது. அப்புறம் தொடையோட உள்பக்கம் இறங்கி முழங்கால் மூட்டுக்கும் ஒரு கிளை கொடுக்குது. ரெண்டு வீட்டுக்கு ஒரே போன் லைன். மணி அடிச்சா எந்த வீட்டுலேர்ந்துன்னு மூளைக்குச் சில நேரம் தெரியாது. ஒரு குழந்தை முழங்கால் வலிக்குதுன்னு வந்தா நாங்க இடுப்பையும் பாக்காம விடமாட்டோம். இது படிக்கிற காலத்துலயே சொல்லிக் கொடுக்கிறது. உங்க ஆளுங்க படத்தைப் பாதியில வெட்டிட்டாங்க."

"அப்ப அந்த ஆளுக்கு?"

"உக்காந்திருக்கும்போதே விடாம வலி. தொடையெலும்போட பந்துக்கு ரத்தம் போகாம எலும்பு செத்துக்கிட்டு இருக்கலாம். உள்ளே நொறுங்கத் தயாரா இருக்கும். லாரியில இருந்து இறங்கும்போது குதிப்பாங்கல்ல? ஒரு குதி போதும், பந்து உடைஞ்சு உக்காந்துரும். எத்தனை நாளா இருக்கு?"

"பூஜையோட பதினோரு நாளுங்க."

"ஏம்மா சொல்லல?"

"வேல போயிருமேன்னு…" ரெஜினா கதவுவரை வந்து, "அவருக்கு அந்தக் கால் செருப்போட வாரைக் குனிஞ்சு மாட்ட முடியாது, கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்ததும், அன்றைய நான்காவது சுற்றில் அந்த ஆள் பதினான்காவதாக வந்தார். கனிஷ்கா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். திரையில் பாதித் தொடை மனிதன் வந்து, 'வலி எங்கே?' என்று கேட்டான். அவளுக்கு இடுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. முழங்காலில் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. இடது இடுப்பு மூட்டைத் தொட்டாள். 'உறுதியாக இங்கேதான் உணர்ந்தீர்களா? பொய்ப்பதிவு பணிநீக்கத்துக்கு உரியது' என்றது திரை. 'ஆம்' என்று அழுத்தினாள்.

பெயர் திறந்தது. பூபேஷ், வயது முப்பத்துநான்கு, சோலாப்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஜவுளி லோடு. லாரி தானாகவே ஓரம் கட்டியது. ஓட்டுநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்தீட்டிங்க? எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"தம்பி, நாஞ் சங்ககிரி ஏற்பகத்துல இருந்து பேசறேன். எறங்காதீங்க. உக்காந்த இடத்துலயே இருங்க."

"நிறுத்துனா எறங்கிப் பத்து நிமிசம் நடக்கோணும்னுதானுங்க ரூல்ஸு? கதவத் தொறந்துட்டனுங்க."

"மூடுங்க! உங்க எடது இடுப்பு எலும்பு உடையற மாதிரி இருக்குது. குதிச்சீங்கன்னா காலு போயிரும்."

சிரிப்புச் சத்தம் வந்தது. "நல்லாத்தானுங்க இருக்கறேன். காலைல டயர்கூட மாத்துனேன்."

நிகிலன் பின்னால் வந்து நின்றதுகூடக் கனிஷ்காவுக்குத் தெரியவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எடது கால் செருப்பு வார உங்களால குனிஞ்சு மாட்ட முடியுதா?"

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் இரைச்சல் கேட்டது.

"ஒரு வாரமா வார் மாட்டறதில்லீங்க. குனிய வரமாட்டேங்குது. அப்படியே நொழச்சுக்கறேன். அது எப்புடிங்க உங்களுக்குத் தெரியும்?" என்றார்.

கதவு மூடும் ஓசை கேட்டது.

ஆம்புலன்ஸில் படுக்க வைத்துத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். படம் எடுத்தபோது தொடையெலும்பின் பந்தில் விரிசல் ஓடியிருந்தது. கால் தப்பித்தது. மூட்டு தப்பவில்லை, செயற்கை மூட்டு வைத்தார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் சொந்த எலும்பையே காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னதாக நிகிலன் வந்து சொன்னான். சரியான இடத்தைக் குறித்த ஏற்பாளர் என்று நிறுவனத்தின் செய்திமடலில் கனிஷ்காவின் படம் வந்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

முழங்கால் விஷயத்தை நிகிலனிடம் ஒப்புக்கொண்டாள். அவன் அவள் பெயரைச் சொல்லாமல் தலைமையகத்துக்கு எழுதினான். வரைபடத்தில் முழங்காலைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். ஒரு மாதத்தில் பதில் வந்தது. முழங்காலைச் சேர்த்தால் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும். ஆகவே ஏற்பாளர்களின் முழங்கால் உணர்வையும் அடைத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. முழங்கால் என்று ஒன்று இல்லாவிட்டால் மூளை வேறு வழியில்லாமல் வலியை இடுப்பிலேயே உணரும் என்பது பொறியாளர்களின் கணிப்பு. டாக்டர் ரெஜினா இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பொறியாளர்கள் யாராவது தன்னிடம் வைத்தியத்துக்கு வந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். கார்த்திகைக்குள் முப்பத்திரண்டு பேருக்கும் முழங்கால் அடைபட்டது.

சித்திரையில் ஒரு பிற்பகல், பூபேஷ் கைத்தடியோடு ஏற்பகத்தின் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை மல்கோவா மாம்பழம். தாழைக் கழற்றிவிட்டாராம். கனிஷ்கா நாற்காலியிலிருந்து எழுந்து, நீண்ட கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"அக்கா, உங்களாலதான் ரெண்டு கால்ல நிக்கறேன்" என்று அவர் பையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "என்னாலதான் தம்பி உங்க எலும்பு போச்சு. உங்க வலி எனக்குப் பதினோரு நாளா தெரியும். முழங்கால்ல வந்துச்சு. எம்பட வலின்னு நெனச்சு, வேல போயிரும்னு பயந்து ஒளிச்சு வெச்சிருந்தேன்."

பூபேஷ் பையைக் கீழே வைத்தார். அவர் திட்டிவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவரோ அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் இடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதப் பொறவு பேசலாங்க்கா. நீங்க அங்கிருந்து வந்தீங்களே, இன்னொருக்கா நடந்து காட்டுங்க."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரியில மூணு மாசம் கண்ணாடி முன்னால கோடு போட்டு நடக்க வெச்சாங்க. எல்லா இடுப்பு கேசும் அங்கதான் நடக்கும். பாத்துப் பாத்துக் கண்ணு பழகிருச்சு. நீங்க ஒரு பக்கமாச் சாயறீங்க. வலது கால்ல மட்டும் நில்லுங்க பாப்போம்."

நுழைவாயிலின் கண்ணாடிக் கதவில் அவள் உருவம் முழுசாகத் தெரிந்தது. வலது காலில் நின்றாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது பிட்டத்தின் பக்கத் தசை இறுகி இடுப்பை மட்டமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் இருந்த பெண்ணின் இடது இடுப்பு சரசரவென்று கீழே இறங்கியது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கதவோரமாகத் தினகர் வாங்கிக் கொடுத்த அடுத்த சோடிச் செருப்பு கிடந்தது. வலது செருப்பின் வெளி ஓரம் அதற்குள் வழவழப்பாகிவிட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றாள்.

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தானுங்க இருந்துச்சு."

அன்று மாலையே நிகிலன் எல்லா ஏற்பாளர்களையும் கண்ணாடிக் கதவின் முன்னால் ஒற்றைக் காலில் நிற்க வைத்தான். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் சாய்ந்தார்கள். ஒன்பது பேரும் சொன்னது ஒன்றுதான்: ஒன்றுமில்லை. நாற்பது பேருக்காக வலித்துக்கொள்பவர்கள் தினம் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் இடுப்புக்கு யார் வலித்துக்கொள்கிறார்கள் என்று அவன் பட்டியலைப் புரட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. தலைமையகத்துக்கு எழுதினான். இந்தத் தடவை பதில் ஒரே வாரத்தில் வந்தது: ஏற்பாளர்களுக்கு ஏற்பாளர்களை நியமிப்பது பரிசீலனையில் இருக்கிறது, அதுவரை திங்கட்கிழமைத் தாளில் தவறாமல் கையெழுத்து வாங்கவும்.

அந்தத் தாள் கனிஷ்காவின் முன்னாலும் வந்தது. எனக்குச் சொந்த வலி ஏதும் இல்லை. அவள் பொய்யாகப் போட்டது புரட்டாசியில் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். உண்மையில் அன்று போட்டதும் உண்மைதான். பதினான்கு வருடமாகப் போட்ட எல்லாமே உண்மைதான். அவள் வலி அவளையே எட்டாததால்தான் அது உண்மை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தினகரைக் கூட்டிக்கொண்டு ரெஜினாவிடம் போனாள்.

"எல்லாத் தாழையும் தொறந்துருங்க டாக்டர்."

"தொறந்தா நாற்காலி போயிரும், தெரியும்ல?"

"தெரியுங்க."

"பதினாலு வருசத்து வலி. மொத்தமா வரும்."

"வரட்டுங்க."

ரெஜினா அவளைப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிகளில் தாழ் திறக்க வைத்திருக்கும் கைக்கருவியை இடுப்பருகே பிடித்து ஒவ்வொரு தாழாகத் திறந்தார். பெரிய நரம்பு திறந்தது, ஒன்றும் தெரியவில்லை. தொடையின் முன்புற நரம்பு திறந்தது. பாவாடை நாடா உறுத்துவது பதினான்கு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தெரிந்தது. கடைசியாக, அடைதுளை வழியாகப் போகும் மஞ்சள் நரம்பு.

கனிஷ்கா தினகரின் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்கு அந்த வலியை நன்றாகத் தெரிந்திருந்தது. அதே ஆணி, அதே இடம், காலில்தான் மாற்றம்.

"எங்கம்மா வலிக்குது?" என்றார் ரெஜினா.

"வலது முழங்கால்லங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.